இரண்டை ஒன்றாக எண்ணும் விதி

இந்த அறையின் சுவர்க்கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது. வாக்குமூலத்தை எழுதத் தொடங்கும் நேரத்தைத் தாளின் மேல் விளிம்பில் குறிக்கச் சொன்னீர்கள். சரியான நேரத்தையே குறித்திருக்கிறேன். சுவரைப் பார்த்துவிட்டு, முதல் வரியிலேயே நான் பொய் எழுதியதாக எண்ணிவிட வேண்டாம்.

என் பெயர் மணிகண்டராஜ். வயது நாற்பத்தொன்று. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் மாடியில் இயங்கும் சிறிய நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளின் அறைகளில் நாங்கள் கருவிகளைப் பொருத்தியிருக்கிறோம். வெப்பத்தை அளப்பது ஒன்று, காற்றின் ஈரத்தை அளப்பது ஒன்று, கதவு திறந்து மூடுவதைக் குறிப்பது ஒன்று. இருபத்தாறு ஆலைகளில் மொத்தம் ஆயிரத்து நாற்பத்திரண்டு கருவிகள். ஒவ்வொன்றும் தான் கண்டதை வரிவரியாக எழுதி எங்கள் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த வரிகளை லாக் என்கிறோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பது லட்சம் வரிகள் வரும். அவற்றைச் சேர்ப்பதும், நேர வரிசையில் அடுக்குவதும், வேண்டாதவற்றை நீக்குவதும், எஞ்சியவற்றில் ஆபத்து தெரிந்தால் அலாரம் அனுப்புவதும் என் பொறுப்பு.

இது எளிய வேலை அன்று. கருவிகள் மூன்று வெவ்வேறு இடங்களில் வாங்கியவை. ஒருவகை நாளை முதலில் எழுதும். மற்றொருவகை மாதத்தை முதலில் எழுதும். மூன்றாவது வகை, மின்சாரம் போய் வந்தால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்குத் திரும்பிவிடும். பெட்டிக்குள் எறும்பு புகுந்தால் ஈரம் நூறு விழுக்காடு என்று எழுதும். ஓர் ஆலையில் வெப்பமானிப் பெட்டியின்மேல் தினமும் ஈரத்துண்டைக் காயப்போட்டிருக்கிறார்கள். சித்திரை மாதத்தில் மூன்று வாரம் அந்த அறை ஊட்டியைப்போல் இருந்ததாக என் அறிக்கை சொன்னது. கேட்டதற்கு, கொடி கட்ட வேறு இடமில்லை என்றார் அந்த ஆலைக்காரர். அவருக்கு அதில் தவறேதும் தெரியவில்லை. எனக்கு அன்று இரவு உணவு இறங்கவில்லை.

இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். என்னால் சரிசெய்ய முடியாமல் போனது செம்புத் தகடு ஒன்றுதான்.

பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து செலுத்தும் அறைக்குள் நுழைபவர் எவராயினும் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டே போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் அதன்வழியே தரைக்கு இறங்கிவிடும். இல்லாவிட்டால் விரல்நுனியில் தெறிக்கும் சிறு பொறியே போதும். அந்தத் தகட்டோடு ஒரு கருவியை இணைக்கலாம் என்பது என் யோசனை. ஒரு தொடுகைக்கு ஒரு வரி. காலையில் விழும் வரிகளை எண்ணினால் அறைக்குள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். நான்கு பேருக்குமேல் அமரக் கூடாது. ஐந்தாவது வரி விழுந்தால் ஆலை மேலாளரின் கைபேசிக்கும் ஆய்வு அதிகாரியின் கைபேசிக்கும் அலாரம் போகும். பட்டாசு ஆலைகளில் ஆட்களை நெருக்கி அமர்த்துவதால்தான் சாவு எண்ணிக்கை கூடுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். தொழிலாளி வாய்திறக்க முடியாத இடத்தில் தகடு பேசும் என்று நான் சொன்னேன். அப்போது அதை நம்பவும் செய்தேன்.

முதல் நாள் காலையில் எல்லா அறைகளிலும் எட்டு வரிகள் விழுந்தன. நூற்று முப்பது அறைகள். நூற்று முப்பது அலாரங்கள். மறுநாளும் அப்படியே. காரணத்தை அறிய ஆனைக்குட்டம் செல்லும் சாலையில் உள்ள ஆலைக்கு நேரில் போனேன். அங்கே பதினேழாம் எண் அறை. வேனிலிருந்து இறங்கிய நான்கு பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். தகட்டைத் தொட்டார்கள், கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், மறுபடியும் தகட்டைத் தொட்டார்கள். தகட்டின் மூலையில் குங்குமம் இருந்தது.

அந்த நால்வரில் மூத்தவர் பாண்டிலட்சுமி. பன்னிரண்டு ஆண்டுகளாக மருந்து செலுத்துபவர். ஏன் இரண்டு முறை என்று அவரிடம் கேட்டேன்.

“மொதத் தொடுறது கரண்டுக்கு சார். ரெண்டாவது ஆத்தாளுக்கு.”

ஒருமுறை தொட்டால் போதும் என்று விளக்கினேன். கருவி எவ்வாறு எண்ணுகிறது, இரண்டாவது தொடுகையால் என்ன குழப்பம் நேர்கிறது என்று பொறுமையாகச் சொன்னேன். நால்வரும் தலையாட்டினார்கள். பிறகு பாண்டிலட்சுமி சொன்னார்:

“அப்போ ஆத்தாளுக்கும் ஒரு ஐடி கார்டு போட்டுக் குடுத்துருங்க சார். அவளும் உள்ளதான் இருக்கா. அவளையும் ஆளாச் சேத்துக்கிடுங்க.”

மற்ற மூவரும் சிரித்தார்கள். போர்மேன் காசிராஜனும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ‘ஒருமுறை மட்டும் தொடவும்’ என்று அச்சிட்டு எல்லா அறைவாசல்களிலும் ஒட்டினேன். மறுநாள் எட்டு வரிகள். அதற்கு மறுநாளும் எட்டு வரிகள். இரண்டாம் மாதம் முடிவதற்குள் என் அலாரங்களை எவரும் திறந்து பார்ப்பதில்லை என்பதை அறிந்தேன். ஒரு மேலாளர் அதன் ஒலியைத் தம் பேரனின் அழுகைக்குச் சமாதானமாகப் பயன்படுத்துவதாக என்னிடமே சொன்னார்.

ஐயா, பிழையான வரிகளோடு தினமும் பத்து மணி நேரம் அமர்ந்திருப்பவனின் நிலையை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கருவி சரியாக இருக்கிறது, நேரம் சரியாக இருக்கிறது, வரிசை சரியாக இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை மட்டும் தவறு. அதற்குக் காரணம் ஒரு கும்பிடு.

ஆகவே ஒரு விதியை எழுதினேன். காலையில் ஓர் அறையில் விழும் தொடுகைகளை வரிசையாக எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வோர் இணையையும் ஓர் ஆளாக எண்ண வேண்டும். அவ்வளவே. என்னோடு பணிபுரிந்த சாபிர் அதைப் படித்துப் பார்த்தான். வயதில் இளையவன், வேலையில் கெட்டிக்காரன்.

“அண்ணே, எட்டுப் பேரு ஒரே ஒரு தடவ தொட்டுட்டு உள்ள போனா நாலுன்னுல்ல காட்டும்?” என்றான். இரண்டு நொடிக்குள் விழும் தொடுகைகளை மட்டும் இணைக்கலாமே என்றும் சொன்னான்.

அதை நான் முன்பே சோதித்திருந்தேன். சிலர் கண்ணில் ஒற்றிவிட்டு நான்கு நொடி நிற்பார்கள். சிலர் முந்தானையைச் செருகிவிட்டுத் தொடுவார்கள். சாபிரின் முறையில் நாளொன்றுக்குப் பதினைந்து, இருபது பொய் அலாரங்கள் மிஞ்சின. என் முறையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர்கள் ஆத்தாளை விடமாட்டார்கள் என்று அவனிடம் சொன்னேன். இரண்டு மாதம் முயன்று தோற்றவன் என்ற முறையில் அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருந்தது.

அன்று முதல் அறிக்கை சுத்தமானது. தொண்ணூற்று மூன்று நாட்கள் ஒரு பொய் அலாரம்கூட இல்லை. எனக்குத் தெரிந்தவரை இத்தொழிலில் வேறெவரும் அதைச் செய்ததில்லை. செப்டம்பர் பதினேழாம் தேதி சூலக்கரையில் நடக்கவிருந்த பாதுகாப்புக் கூட்டத்தில் என் முறையை விளக்கும்படி அழைப்பு வந்தது. அதை மாவட்டம் முழுவதும் கொண்டுவரலாம் என்று பேச்சு இருந்தது.

ஆகஸ்ட் இறுதியில் கருவிகளைச் சோதிக்க மறுபடியும் அந்த ஆலைக்குப் போனேன். சீசன் தொடங்கிவிட்டது. ஆர்டர் குவிந்து கிடந்தது. இடையில் பெய்த மழையால் ஐந்து நாள் வேலை கெட்டிருந்தது. காசிராஜன் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, அலாரம் எப்படி நின்றது என்று கேட்டார். கேட்டவர்களுக்கு அரைகுறையாக விளக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஓர் அட்டையின் பின்புறத்தில் கோடு போட்டுக் காட்டினேன். கவனமாகப் பார்த்தார்.

“அப்போ ஒருத்தி ஒரு தடவ மட்டும் தொட்டா, அர ஆளுன்னு எளுதுமா சார்?”

அவ்வாறு எழுதாது, இருவர் ஆளுக்கு ஒருமுறை தொட்டால் ஓர் ஆள் என்று எழுதும் என்றேன். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நீங்கள் கருதக்கூடும். ஆனால் அது சரியான கேள்வி. அந்த ஆறு ஆண்டுகளில் ஆலைக்காரர் எவரும் என்னிடம் அவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலை பதினேழாம் அறையின் வரிகளைப் பார்த்தேன். எண்ணிக்கை வழக்கம்போல் எட்டு. அறிக்கையில் வழக்கம்போல் நான்கு. ஆனால் இடைவெளி மாறியிருந்தது. அதுவரை வரிகள் இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும். ஓர் இணைக்கும் அடுத்த இணைக்கும் நடுவே பத்துப் பதினைந்து நொடி இருக்கும். அன்று எட்டு வரிகளும் தனித்தனியாக, ஏறத்தாழச் சமமான தூரத்தில் நின்றன. எட்டுப் பேர், ஆளுக்கு ஒருமுறை. நான் ஒட்டிய அறிவிப்பைக் காசிராஜன் நிறைவேற்றிவிட்டார். இரண்டாம் முறை தொடுபவளுக்கு மறுநாள் வேனில் இடமில்லை என்று அவர் சொல்லியிருந்தது பின்னர் தெரியவந்தது.

உண்மையை எழுதச் சொன்னீர்கள். அந்த வரிகளைக் கண்டபோது எனக்கு முதலில் தோன்றியது அச்சம் அன்று, நிறைவு. இடையில் குழப்பமேதும் இல்லாத, ஓர் ஆளுக்கு ஒரு வரியாக விழுந்த லாக் அது. தொடக்கத்திலிருந்தே நான் கேட்டது அதைத்தான்.

பிறகு யோசித்தேன். விதியை நீக்கினால் பதினேழாம் அறைக்கு உண்மையான அலாரம் போகும். கூடவே மற்ற நூற்று இருபத்தொன்பது அறைகளுக்கும் பொய் அலாரம் போகும். அந்த ஓர் அறைக்கு மட்டும் விதியை நீக்கினால், ஏன் நீக்கினாய் என்ற கேள்வி வரும். கூட்டத்துக்கு எட்டு நாள் இருந்தது. கூட்டம் முடிந்தபின் சரிசெய்துகொள்ளலாம் என்று முடிவுசெய்தேன். தொடுகைகளின் மூல வரிகளை முப்பது நாள் வைத்திருப்பது எங்கள் வழக்கம். அன்று மாலை அதை ஒரு நாளாகக் குறைத்தேன். சர்வரில் இடம் போதவில்லை என்று குறிப்பும் எழுதினேன். இடம் போதுமானதாக இருந்தது.

பன்னிரண்டாம் தேதி மதியம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கருவிப் பெட்டியின்மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துப் பாண்டிலட்சுமி அழைத்திருந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். பதினேழாம் அறையில் நான்கு நாளாக எட்டுப் பேர் அமர்ந்திருக்கிறார்கள், முழங்காலோடு முழங்கால் முட்டுகிறது, கதவுப்பக்கம் மருந்துத்தட்டை வைத்திருக்கிறார்கள், ஏதாவது ஆனால் ஓட வழியில்லை என்றார். மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாமே என்றேன்.

“நாங்க சொன்னா நாளைக்கு வேன்ல ஏத்த மாட்டாக சார். மிசினு சொல்லுச்சுன்னா யார நோவாக? அது எண்ணும்னு நீங்கதான சொன்னீக.”

திரையைப் பார்த்தேன். நான்கு பேர் என்று காட்டுவதாகச் சொன்னேன். அது பொய்யன்று, திரை அவ்வாறுதான் காட்டியது.

பின்னணியில் யாரோ லோடு ஏற்றும் சத்தம் கேட்டது.

“அப்போ மிச்ச நாலு பேரு யாரு சார்?” என்றார்.

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவ்வாறு சொன்னபோது பார்க்கும் எண்ணம் எனக்கு இருந்தது. கூட்டத்துக்குப் பிறகு.

இனி பதினேழாம் தேதி. அதற்குமுன் சங்கைப் பற்றி ஒரு செய்தி. அறையில் மருந்து வைக்கும் மூலையின் வெப்பம் நாற்பத்தைந்து பாகையைத் தாண்டினால் ஆலையின் சங்கு ஊத வேண்டும். வெயில் நேராகப் படும் இடங்களில் வெப்பமானிகள் பொய் சொல்லிச் சங்கு வீணாக ஊதியதால், என் யோசனைப்படி ஓர் இடைநிலை ஏற்படுத்தப்பட்டது. வெப்பம் தாண்டியதும் என் திரையில் ஒரு கேள்வி வரும். இரண்டு நிமிடத்துக்குள் நான் ‘நிறுத்து’ என்பதை அழுத்தாவிட்டால் சங்கு தானாக ஊதிவிடும். அழுத்தினால் ஊதாது, வெப்பம் குறையாமலிருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி மறுபடியும் வரும்.

சங்கு ஊதினால் எல்லோரும் வெளியே வந்து மைதானத்தில் நிற்க வேண்டும். அறைவாரியாகத் தலையெண்ணித் தாளில் எழுதி, அதை எங்களுக்கும் ஆய்வு அதிகாரிக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். இந்த ஒழுங்கும் நான் வகுத்ததே. ஒத்திகைகளில் பதினேழாம் அறை காலியாக அதிகபட்சம் நாற்பது நொடி ஆனது.

அன்று கூட்டம் பதினொரு மணிக்கு. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காலை ஏழு மணிக்கே அலுவலகம் வந்தேன். சாபிர் வந்திருக்கவில்லை. கீழே அச்சகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு முப்பத்தொன்றுக்குப் பதினேழாம் அறையிலிருந்து கேள்வி வந்தது. வெப்பம் நாற்பத்தாறு.

வெப்பமானி பொய் சொல்கிறதா என்று அறிய, மறுபடி அளக்கச் சொல்லிக் கட்டளை அனுப்பினேன். நாற்பத்தாறு. வெயில் இன்னும் அந்தச் சுவருக்கு வரவில்லை. வர ஒன்பதரை மணியாகும். பக்கத்து அறைகள் இரண்டிலும் முப்பத்தொன்று. முந்தைய நாள் மிஞ்சிய மருந்தை அறையிலேயே விட்டுவைத்தால் ஈரத்தில் அது சூடேறும் என்பது இந்தப் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. ஈரமானி தொண்ணூறு காட்டியது. ஆகவே வெப்பமானி சரியாக இருக்கிறது என்பதை ஏழு முப்பத்திரண்டுக்கு நான் அறிந்துவிட்டேன்.

சங்கு ஊதினால் எட்டுப் பேர் வெளியே வருவார்கள். தாளில் எட்டு என்று எழுதப்படும். என் அறிக்கையில் நான்கு என்று இருக்கும். அந்தத் தாள் கூட்டத்துக்கு முன்பே சூலக்கரை போய்ச் சேர்ந்துவிடும்.

‘நிறுத்து’ என்பதை அழுத்தினேன். ஏழு முப்பத்து மூன்றுக்கு மறுபடி கேட்டது, ஐம்பது பாகை. அழுத்தினேன். இடையில் காசிராஜனின் எண்ணை இருமுறை அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. இதை எனக்குச் சாதகமாக எழுதவில்லை. சங்கு ஊதாமல், தலையெண்ணாமல், சத்தமின்றி அவர்களை வெளியே கொண்டுவர முடியுமா என்று பார்த்தேன், அவ்வளவே. ஏழு முப்பத்தைந்துக்கு ஐம்பத்தெட்டு பாகை. அழுத்தினேன்.

நான்காம் முறை கேள்வி வரவில்லை. பதினேழாம் அறையின் ஐந்து கருவிகளும் ஒரே நொடியில் எழுதுவதை நிறுத்தின. சற்றுப் பொறுத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே அச்சகத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள்.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்ட தகவல் பத்து மணிக்கு வந்தது. அதுவரை நான் என் உரையில் இருந்த சில சொற்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

சாபிர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டான். “உள்ள எட்டுப் பேராம்ணே,” என்றான். அறிக்கையில் நான்கு என்றுதானே இருக்கிறது என்றேன். அவன் தன் இருக்கையில் அமர்ந்து, திரையில் எவர் எந்த நொடியில் எதை அழுத்தினார் என்பதைப் பதியும் லாக்கைத் திறந்தான். அதையும் நான்தான் அமைத்தேன். அதில் பிழை இருக்காது. அவன் அதைப் பிரதியெடுத்து உங்களிடம் கொண்டுவந்தது முறையான செயல். நான் தடுக்கவில்லை.

ஏழு பேர் இறந்தார்கள். சங்கு முதல் முறையே ஊதியிருந்தால் எட்டுப் பேரும் உயிரோடிருப்பார்கள். நான் எதையும் தொடாமல் கைகட்டி அமர்ந்திருந்தால் அது தானாகவே ஊதியிருக்கும். உள்ளே எட்டுப் பேர் இருப்பதை அறிந்தும், மருந்து சூடேறுவதை அறிந்தும், மூன்று முறையும் என் விரலால் நிறுத்தியவன் நான். இதில் எனக்கு மறுப்பில்லை.

உயிர்பிழைத்தவர் பாண்டிலட்சுமி ஒருவர்தான். மருத்துவமனையில் அவர் சொன்னதை எழுதிவந்த தாளை இன்று காலை எனக்குப் படிக்கக் கொடுத்தீர்கள். அவர் என்மீது ஒரு சொல்லும் சொல்லவில்லை. ‘அந்த சார் பாத்துத்தான் நாலுன்னு சொன்னாரு. மிசினு மேல குத்தமில்ல. ஒம்போது நாளா ஆத்தாளத் தொடாம உள்ள போனோம்யா. நாங்க செஞ்சதுக்கு எங்களுக்கு வந்துச்சு’ என்று இருக்கிறது.

அதை மூன்று முறை படித்தேன். கணக்கிட்டும் பார்த்தேன். எட்டுப் பேரும் வழக்கப்படி இரண்டு முறை தொட்டிருந்தால் பதினாறு வரிகள் விழுந்திருக்கும். என் விதி அதை எட்டுப் பேர் என்று சரியாக எண்ணியிருக்கும். ஒன்பதாம் தேதி காலையிலேயே அலாரம் போயிருக்கும். விதியில் பிழை இல்லை. அவர்கள்தாம் வழக்கத்தை மாற்றினார்கள்.

ஆகவே, ஐயா, பாண்டிலட்சுமியின் வாக்குமூலத்தை முழுமையாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். உள்ளே இருந்தவர் அவர், அவருக்குத் தெரியாதா?